துவர்ப்புக்குத் துணை

ஸ்பெயின் தேசத்தின் வடபாகத்திலே, எப்ரோ நதி பாயும் ரியோஹாப் பிரதேசத்தில், நூறு வருஷங்களுக்கு மேற்பட்ட பழைய மதுச்சாலைகள் சிலவற்றின் நிலவறைகளில், திராட்சை மது பீப்பாயை விட்டுப் புட்டிக்குள் புகுவதற்குச் சிறிது காலம் முன்னதாக ஒரு காரியம் நடைபெறும். நாலைந்து கோழிமுட்டைகளை உடைத்து, மஞ்சட்கருவை விலக்கி, வெள்ளைக்கருவை மட்டும் நன்றாக அடித்து, 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாயினுள் விட்டுக் கலக்குவார்கள். நாட்கள் செல்லச் செல்ல அந்த வெள்ளைக்கரு பஞ்சு போலத் திரண்டு, மதுவில் மிதந்த மாசுகளையும் உடன் சேர்த்துக்கொண்டு, மெல்ல இறங்கி அடியில் வண்டலாய்த் தங்கிவிடும். மேலே நிற்கும் மது கண்ணாடி போலத் தெளிவதோடு, நாவைக் கவ்விப் பிடித்த முரட்டுத் துவர்ப்பும் அதைவிட்டுப் பெரும்பாலும் நீங்கியிருக்கும். இந்த வெள்ளைக்கரு செய்யும் வேலை இன்னதென்று விளங்கிக்கொண்டவருக்கு, ரியோஹாவின் செந்நிற மதுவுக்கு ஏற்ற உணவு எது என்னும் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டதென்றே சொல்வேன்.

திராட்சைக் கனியின் தோலிலும் விதையிலும் காம்பிலும் டானின் எனப்படும் பொருள்கள் நிறைந்திருக்கின்றன. இவை கரிம வளையங்கள் பல கோத்துக்கொண்டு உண்டான பெரிய மூலக்கூறுகள். புரதத்தைக் கண்டவிடத்தில் அதனைப் பற்றிக்கொள்ளும் ஸ்வபாவம் உடையவை. மிருகங்களின் பச்சைத் தோல் அழுகிப் போகாமல் செருப்புக்கும் சேணத்துக்கும் உரிய பதப்பட்ட தோலாக மாறுவதும் இந்தப் பற்றுதலின் விளைவேயாகும். ஆவாரம்பட்டையை ஊறவைத்த நீரில் தோலை இட்டுப் பதப்படுத்திய நம் நாட்டுத் தொழிலாளிகள், அந்தப் பட்டையிலுள்ள டானினைத் தோலின் புரதத்தோடு பிணைத்தவர்களே. முட்டையின் வெள்ளைக்கருவும் புரதம். ஆகவே பீப்பாய்க்குள் அது டானினைத் தேடிப் பற்றிக்கொண்டு வீழ்கிறது. நம் வாய்க்குள்ளும் இதுவே நிகழ்கிறது. உமிழ்நீரில் புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் கலந்து, நாவையும் கன்னத்தின் உட்புறத்தையும் வழுவழுப்பாக வைத்திருக்கின்றன. டானின் வந்து இவற்றைப் பற்றித் திரட்டி விட்டால் வாயின் வழுவழுப்பு குன்றிப் போகிறது. நாக்கு மேலண்ணத்தில் உராய்கிறது. அந்த உராய்வையும் வறட்சியையுமே துவர்ப்பு என்று நாம் உணர்கிறோம். கொட்டைப்பாக்கை மென்று பழகிய நாவுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை; பாக்கிலுள்ள டானினும் திராட்சை விதையிலுள்ள டானினும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

மேனாட்டு விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் துவர்ப்பைச் சுவைகளின் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பரிச உணர்ச்சியின் பாற்பட்டதென்று அதனைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். அறுசுவை என்று எண்ணிய நம் முன்னோரோ அதற்கு இனிப்போடும் புளிப்போடும் சரியாசனம் கொடுத்தார்கள். உடலின் இயக்கத்தை நோக்கினால் மேனாட்டார் கூற்றே பொருத்தம் என்று தோன்றினும், உணவை நோக்குமிடத்து நம் முன்னோரின் பகுப்பே எனக்குப் பெரிதும் பயன்படுகிறது. ஏனெனில், ரியோஹா மதுவின் கதை முழுவதும் துவர்ப்பு என்னும் அந்த ஒரு சுவையை எவ்வாறு உண்டாக்குவது, எவ்வாறு பக்குவப்படுத்துவது, இறுதியில் எந்த உணவோடு அதனைச் சேர்ப்பது என்பதைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. அந்த மது நான்கு திராட்சை இனங்களின் கலவை என்று புத்தகங்கள் கூறும். நான் ஐந்து என்பேன். ஐந்தாவது பொருள் தட்டில் இருக்கிறது.

முதலில் அந்தப் பிரதேசத்தின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். அட்லாண்டிக் கடலின் பக்கமிருந்து வீசும் குளிர்ந்த ஈரக் காற்றைக் கந்தாப்ரியா மலைத்தொடர் வடக்கே நின்று தடுக்க, தெற்கே தெமாந்தா மலைத்தொடர் அரண் செய்ய, இரண்டுக்கும் நடுவே எப்ரோ நதி வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. ஆரோ என்னும் ஊரிலிருந்து அல்ஃபாரோ என்னும் ஊர்வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் குளிர்ச்சியும், கிழக்குக் கோடியில் மத்தியதரைக் கடலின் சார்பால் வந்த உஷ்ணமும் வறட்சியும் மிகுந்திருக்கின்றன. மேற்கில் உள்ளதை ரியோஹா ஆல்ட்டா என்றும், நதியின் வடகரையில் அலாவா மாகாணத்தைச் சேர்ந்ததை ரியோஹா அலாவேசா என்றும், கிழக்கில் உள்ளதை ரியோஹா ஓரியெந்தால் என்றும் அழைக்கிறார்கள். ஒரே பள்ளத்தாக்கில் இரு வேறு சீதோஷ்ணம் நிலவுவதால், ஓர் இனக் கொடியையே எங்கும் நட்டுப் பயன்பெற முடியாது என்பதைக் குடியானவர்கள் அனுபவத்தினாலேயே அறிந்துகொண்டார்கள்.

நான்கு இனங்களில் தலைமை பெற்றது டெம்ப்ரானியோ. பிரதேசத்தின் கொடிகளில் ஐந்தில் நான்கு பங்கு அளவில் இதுவே. ஸ்பானிய மொழியில் ‘தெம்ப்ரானோ’ என்றால் ‘முன்கூட்டியே’ என்று பொருள். மற்றைய கொடிகளுக்குச் சில வாரம் முன்னதாகவே கனிந்துவிடுவதனால் இப்பெயர் பெற்றது. இலையுதிர் காலத்து மழையும் குளிரும் விரைந்து வந்து சேரும் மேற்குப் பகுதியில் இவ்வாறு முந்திக் கனிவது பெரிய அநுகூலம் அல்லவா? 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி, அல்பியோ மயோர், பெனெதிக்தோ என்னும் இரண்டு பழைய ஸ்பானிய இனங்களின் இயற்கையான சேர்க்கையில் இக்கொடி பிறந்ததென்று காட்டியது. தடித்த தோலும் அதனால் நல்ல நிறமும் அளவான துவர்ப்பும் உடையது; மதுவான பிறகு செர்ரிப் பழத்தையும் ப்ளம் பழத்தையும், வயதான பிறகு புகையிலையையும் பதனிட்ட தோலையும் நினைவூட்டும் மணம் உடையது. ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு; புளிப்பு போதாது. மண்ணிலிருந்து பொட்டாசியத்தை மிகுதியாக ஏற்றுக்கொள்ளும் இயல்புள்ள இக்கனியில், திராட்சைக்கே உரிய டார்ட்டாரிக் அமிலத்தின் ஒரு பகுதியைப் பொட்டாசியம் பிணைத்து உப்பாக்கி, படிகங்களாய் அடியில் படியச் செய்துவிடுகிறது.

இரண்டாவது இனமாகிய கார்னாச்சா, டெம்ப்ரானியோவுக்கு நேர் எதிரான சுபாவம் கொண்டது. காலந்தாழ்த்துக் கனியும், வெயிலையும் வறட்சியையும் காற்றையும் தாங்கி நிற்கும், ஆகவே கிழக்குப் பகுதியே இதற்கு உகந்த இடம். சர்க்கரை மிகுதியாக ஏறுவதால் மதுவுக்கு உரமும் உடற்கட்டும் கொடுக்கும். நாவில் இனிய சிவந்த பழங்களின் வாசனையும் ஒருவகை வெதுவெதுப்பும் பரப்பும். எனினும் இதன் நிறம் வெளிறியது. காற்றுப் பட்டால் விரைவில் பழுப்படையும். தனியே நெடுநாள் தாங்குவது கடினம். மூன்றாவதாகிய மாசுவேலோ, அண்டைப் பிரதேசமாகிய ஆராகோனில் கரினேனா என்றும் பிரான்ஸில் கரின்யான் என்றும் பெயர் பெற்றது. கடுந்துவர்ப்பும் கடும்புளிப்பும் உடையது. சாம்பல் நோய்க்கு எளிதில் இரையாவது. இளமையில் இதனைத் தனியே அருந்துவோர் முகஞ்சுளிப்பர். ஆயினும் நெடுநாள் வைக்கவேண்டிய மதுவில் நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்தாலும் அதற்கு முதுகெலும்பு உண்டாகும்.

நான்காவது கிராசியானோ. இந்த இனத்தின்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு என்பதை மறைப்பானேன்? கொடி சிறுகவே காய்க்கும், பூசணநோய்க்கு ஆளாகும், எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கனியும். குடியானவர்கள் இதனை நட விரும்பாமல் ‘கிராசியாஸ், நோ’, அதாவது ‘வேண்டாம், வந்தனம்’ என்று சொல்லி விட்டதனாலேயே இப்பெயர் வந்ததென்று ரியோஹா மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. மொழிநூலார் இதனை ஒப்பமாட்டார்கள். ஆயினும், ஒரு காலத்தில் இக்கொடி ஏறக்குறைய மறைந்துபோகும் நிலையை அடைந்தது என்ற உண்மையை அந்தக் கதை நன்றாகவே காத்து வைத்திருக்கிறது. மற்ற மூன்றிலும் இல்லாத அருமையான நறுமணமும், வருஷங்கள் கடந்தும் தளராத புளிப்பும், கருஞ்சிவப்பு நிறமும் இதனிடம் இருக்கின்றன. அந்தப் புளிப்பு டெம்ப்ரானியோவுக்குச் செய்யும் உபகாரத்தை ரசாயன சாஸ்திரத்தின் கண்கொண்டு பார்த்தால் கலவை என்னும் கலையின் மர்மம் விளங்கும்.

திராட்சையின் நிறம் ஆந்தோசயனின் என்னும் பொருள்களால் உண்டாவது. கருந்திராட்சையை உரித்துப் பார்த்தால் உள்ளே சதை வெளிறியிருக்கக் காண்கிறோம், நிறமெல்லாம் தோலிலேதான். நம் வீட்டுச் செம்பருத்திப் பூவை வெந்நீரில் இட்டு, மங்கிய நிறமுள்ள அந்த நீரில் எலுமிச்சஞ் சாற்றைப் பிழிந்தால் அது உடனே செக்கச் செவேலென்று ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். பூவின் நிறப்பொருளும் திராட்சையின் நிறப்பொருளும் ஒரு குடும்பத்தவை. அமிலம் மிகுந்த இடத்தில் இவற்றின் மூலக்கூறு செந்நிறம் காட்டும் வடிவத்தை அடைகிறது. அமிலம் குறையக் குறைய நிறமற்ற வடிவத்துக்கும் நீலம் பாய்ந்த வடிவத்துக்கும் மாறிவிடுகிறது. ஆகவே புளிப்புக் குறைந்த டெம்ப்ரானியோவில் நிறப்பொருள் வேண்டுமட்டும் இருந்தும் அதன் பெரும்பகுதி நிறங்காட்டாமல் உறங்குகிறது. கிராசியானோ தன் புளிப்பைக் கொண்டுவந்து சேர்க்கும்போது, தன்னுடைய நிறத்தைச் சேர்ப்பதோடு அமையாமல், டெம்ப்ரானியோவிடம் முன்பே இருந்த நிறத்தையும் துயிலெழுப்பி விடுகிறது. அன்றியும், ஆந்தோசயனின் மூலக்கூறுகள் தட்டையானவை. வேறு சில பீனால் வகைப் பொருள்கள் பக்கத்தில் இருந்தால், அடுக்கி வைத்த தட்டுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து நின்று, தண்ணீரின் தாக்குதலிலிருந்து ஒன்றையொன்று காத்துக்கொள்ளும். இளமையான செந்நிற மதுவின் நிறத்தில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை இந்த அடுக்கினால் மட்டுமே தோன்றுவதுண்டு. ஓரினத்தில் நிறப்பொருள் மிகுந்து துணைப்பொருள் குறைந்தும், வேறோரினத்தில் துணைப்பொருள் மிகுந்தும் இருக்குமானால், இரண்டையும் சேர்க்கும்போது இரண்டின் நிறத்தையும் கூட்டி வந்த தொகையைவிட மிகுதியான நிறம் கிடைக்கும். கலவைக்குள் நடப்பது வெறும் கூட்டல் கணக்கன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பழம் மதுவாகும் முறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தோலோடு நசுக்கிய பழச்சாற்றில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு சாராயச்சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு சாராயச்சத்து உண்டாகும். ஆகவே 230 கிராம் சர்க்கரையுள்ள சாறு நூற்றுக்குப் பதின்மூன்றரை பங்கு சாராயச்சத்துள்ள மதுவாகிறது. தோல் எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவுக்கு நிறமும் டானினும் இறங்கும். பின்னர் வேறொரு பாக்டீரியா, பச்சை ஆப்பிளின் கூரிய அமிலமாகிய மாலிக் அமிலத்தைத் தயிரின் மென்மையான அமிலமாகிய லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. அலாவேசாப் பகுதியின் சிறு குடியானவர்கள் பழைய வழக்கப்படி குலைகளை நசுக்காமல் முழுதாகவே தொட்டியில் இடுவதுண்டு. அப்போது கனிக்குள் இருக்கும் நொதிகளே கரியமில வாயு சூழ்ந்த நிலையில் வேலையைத் தொடங்கிவிடுவதனால், துவர்ப்புக் குறைந்து பழவாசனை மிகுந்த மது விரைவிலேயே கிடைக்கிறது. அது அந்தந்த வருஷமே அருந்தி முடிக்கத்தக்கது. பீப்பாயில் முதிரும் மதுவின் கதை வேறு.

பீப்பாயின் கதை பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்தது. 1780-களிலேயே மானுவேல் கின்டானோ என்னும் கிறிஸ்தவ குருவானவர், போர்டோ நகரத்து முறையைக் கற்று வந்து, ரியோஹா மதுவை ஓக் பீப்பாயில் முதிரச் செய்து பார்த்தார். ஆனால் எல்லா மதுவுக்கும் ஒரே விலைதான் என்ற உள்ளூர்க் கட்டுப்பாடு இருந்தபடியால், பீப்பாய்க்குச் செலவிட்ட பணத்தை மீட்க வழியின்றி அம்முயற்சி தளர்ந்துவிட்டது. நல்ல முயற்சியொன்று இவ்வாறு அரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கியதை நினைக்கும்போது வருத்தமாகவே இருக்கிறது. 1852-இல் லூசியானோ மூர்ரியெத்தா அதே முறையை லோக்ரோனியோ நகரில் மீண்டும் தொடங்கினார். 1858-இல் எல்சியேகோ என்னும் ஊரில் ரிஸ்கால் பிரபுவின் மதுச்சாலை எழுந்தது. 1863-இல் ஆரோ ஊரைத் தொட்டுக்கொண்டு பில்பாவோ துறைமுகத்துக்கு ரயில்பாதை அமைந்தது. அதே காலத்தில் பிரான்ஸில் பெரிய துர்ப்பாக்கியம் ஒன்று நேர்ந்துகொண்டிருந்தது. வட அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு வந்து சேர்ந்த ஃபைலாக்ஸெரா என்னும் கடுகினும் சிறிய பூச்சி, ஐரோப்பியக் கொடிகளின் வேர்களைத் துளைத்துச் சாற்றை உறிஞ்ச, தோட்டம் தோட்டமாகக் கொடிகள் பட்டுப்போயின. மதுவுக்கு வழியற்ற போர்டோ வியாபாரிகள் மலை கடந்து ரியோஹாவுக்கு வந்தார்கள். தங்கள் 225 லிட்டர் பீப்பாயையும் அதனைக் கையாளும் வித்தையையும் உடன் கொண்டுவந்தார்கள். ஆரோ ரயில் நிலையத்தைச் சுற்றி மதுச்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. 1899-இல் அந்தப் பூச்சி ரியோஹாவையும் வந்தடைந்தது. அதற்குள் பரிகாரம் அறியப்பட்டிருந்தது. பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஐரோப்பியக் கொடியின் தண்டை ஒட்டுக்கட்டி நட்டார்கள். இன்று ரியோஹாவின் கொடிகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு இரண்டு கண்டங்களின் சேர்க்கையாகவே நிற்கின்றன.

பீப்பாய் மரத்திலும் இரண்டு கண்டங்கள் உண்டு. பிரெஞ்சு ஓக்கைவிட அமெரிக்க வெள்ளை ஓக்கையே ரியோஹா நெடுங்காலமாக விரும்பி வந்திருக்கிறது. வெள்ளை ஓக்கின் நீர்க்குழாய்கள் உள்வளர்ச்சியால் அடைபட்டிருப்பதனால், அறுத்துப் பலகையாக்கினாலும் ஒழுகாது. பிரெஞ்சு ஓக்கையோ நாரின் போக்கிலேயே பிளந்தெடுக்க வேண்டும். ஆதலால் சேதாரமும் விலையும் அதிகம். வெள்ளை ஓக்கில் லாக்டோன் என்னும் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள் மிகுதியாக இருக்கிறது. அதன் வாசனை எது போன்றதென்று எழுதப் புகும் ஐரோப்பியர் அனைவரும் தேங்காய் என்றே எழுதுகிறார்கள். தேங்காயின் மணத்தை உண்டாக்கும் பொருள்களும் லாக்டோன்களே. ஆகவே, அங்கே அருமையாகக் கருதப்படும் அந்த வாசனை நம் சமையலறையில் தினமும் துருவும்போது எழும் வாசனைக்கு உறவுடையது. பலகையை வளைப்பதற்காக உள்ளே தீ மூட்டும்போது மரத்தின் லிக்னின் சிதைந்து, வனில்லாவின் மணப்பொருளாகிய வனிலினும் உண்டாகிறது.

மணத்தைக் காட்டிலும் பெரிய வேலை ஒன்றைப் பீப்பாய் செய்கிறது. பலகை இடுக்குகளின் வழியாகவும், பீப்பாய்விட்டுப் பீப்பாய் மாற்றும்போதும், பிராணவாயு இம்மியளவாக உள்ளே புகுந்துகொண்டே இருக்கிறது. அதனால் சாராயச்சத்தின் சிறுபகுதி அசிட்டால்டிஹைடு ஆகி, டானினுக்கும் நிறப்பொருளுக்கும் இடையே பாலம்போல் நின்று இரண்டையும் கோத்துவிடுகிறது. கோத்த பின் நிறம் எளிதில் அழியாது. துவர்ப்பும் முரட்டுத்தனம் தணிந்து பட்டுப்போன்ற மென்மை பெறும். மிகப் பெரிதாக வளர்ந்த மூலக்கூறுகள் வண்டலாகப் படிந்துபோகும். ஊதா கலந்த சிவப்பு மாணிக்கச் சிவப்பாகவும், அதுவே ஆண்டுகள் சென்று செங்கல் நிறமாகவும் மாறுவது இதனாலேதான். இம்முதிர்ச்சியைச் சட்டமும் கணக்கிட்டு வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டு முதிர்ந்து, அதில் ஓராண்டேனும் பீப்பாயில் கழித்தது ‘கிரியான்சா’. மூன்று ஆண்டு முதிர்ந்தது ‘ரெசெர்வா’. பீப்பாயில் இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் மொத்தம் ஐந்து ஆண்டு முதிர்ந்தது ‘கிரான் ரெசெர்வா’. ரியோஹாவின் பெயருக்கு 1926-இல் ஒரு காப்புக் குழு ஏற்பட்டது. 1991-இல் ஸ்பெயினிலேயே முதன்முதலாக மிக உயர்ந்த தகுதிநிலையும் கிடைத்தது.

இனித் தட்டுக்கு வருவோம். துவர்ப்புள்ள மதுவை உணவின்றி ஒருவாய் அருந்தினால் தாங்கலாம். இரண்டு, மூன்று வாய் என்று தொடர்ந்தால், உமிழ்நீரின் புரதம் மீண்டும் ஊறுமுன்னரே அடுத்த டானின் வந்துவிடுவதால், வறட்சி ஒவ்வொரு வாய்க்கும் ஏறிக்கொண்டே போகும். கொழுப்புணவின் நிலை இதற்கு எதிர்மாறு. அதனைத் தொடர்ந்து உண்ணும்போது வாயில் எண்ணெய்ப் பசை படர்ந்து, வழுவழுப்பு மிஞ்சித் திகட்டிவிடும். இவ்விரண்டையும் மாறிமாறிக் கொள்ளும்போது ஒன்று உலர்த்துகிறது, மற்றொன்று மசகிடுகிறது. வாய் நடுநிலைக்கு வந்து அடுத்த கவளத்துக்கு ஆயத்தமாகிறது. இறைச்சியிலும் பாற்கட்டியிலும் புரதமும் கொழுப்பும் ஒருங்கே இருப்பதால், டானின் உமிழ்நீரின் புரதத்தை விட்டு உணவின் புரதத்தைப் பற்றிக்கொள்ள இடமுண்டு. பீப்பாயில் வெள்ளைக்கரு செய்த வேலையை இங்கே உணவு செய்கிறது. உப்பும் இதற்குத் துணைபுரியும். கைப்பை அடக்கிப் பழவாசனையை முன்னே கொண்டுவரும். ஆட்டுப்பாலில் செய்த காமெரோஸ் மலைப் பாற்கட்டியும், செம்மறிப் பாலில் செய்து புகையூட்டிய இதியாசாபால் பாற்கட்டியும் அங்கே மதுவோடு வைக்கப்படுவதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

ரியோஹாவின் வீட்டுச் சமையலைப் பார்த்தால், இந்த ரசாயனத்தையெல்லாம் கற்றறியாத தாய்மார்கள் எத்தனை நுட்பமாக அதனைக் கைக்கொண்டிருக்கிறார்கள் என்று வியப்புத் தோன்றுகிறது. உருளைக்கிழங்கைக் கத்தியால் முழுதும் நறுக்காமல், பாதி நறுக்கிப் பாதி பிய்த்துப் போட்டு, அந்தப் பிய்ந்த முகத்திலிருந்து மாவுச்சத்து குழம்பில் இறங்கிக் கெட்டிப்படும்படி செய்து, சொரிஸோ என்னும் பன்றி இறைச்சித் தொடரையும் காய்ந்த மிளகாயின் சதையையும் சேர்த்துக் கொதிக்க வைக்கும் ‘பத்தாத்தாஸ் அ லா ரியோஹானா’ அங்கே ஏழையும் செல்வரும் உண்ணும் உணவு. அங்கியானோ ஊரின் சிவந்த அவரை விதையைச் சொரிஸோவோடு வேகவைப்பதும் அத்தகையதே; அவரையில் புரதம், இறைச்சியில் கொழுப்பும் உப்பும். இவற்றோடு ஓராண்டு பீப்பாயில் கழித்த கிரியான்சா ஒத்துப்போகும். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த மிளகாய் நிறமும் மணமும் கொடுப்பதே தவிர நம்முடையதைப்போல் உறைப்பதன்று. மிளகாயின் காரப்பொருளாகிய காப்சைசின் நாவில் உஷ்ணத்தை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. சாராயச்சத்தும் அதே முனைகளையே தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிக்கும். துவர்ப்பும் கைத்துக் காட்டும். ஆதலால் நம் காரக்குழம்பும் வறுவலும் இந்த மதுவுக்கு ஏற்றவையல்ல. ‘அறையின் வெப்பநிலையில் அருந்துக’ என்று ஐரோப்பியர் எழுதி வைத்ததையும் நாம் அப்படியே கொள்ளலாகாது. அவர்கள் சொல்லும் அறை 16 முதல் 18 பாகை வரை குளிர்ந்த கல்வீட்டின் அறை.

மீனோடு செந்நிற மது சேராதென்பது ஐரோப்பாவில் பழைய வசனம். அதற்கு ரசாயன ஆதாரம் 2009-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களிடமிருந்து கிடைத்தது. மதுவில் கலந்துள்ள சிறிதளவு இரும்பே, கடலுணவின் எண்ணெயிலிருந்து மீன்வாடை வீசும் பொருள்களை நொடியில் எழச் செய்கிறதென்று அவர்கள் கண்டார்கள். இரும்பைப் பிணைத்துவைக்கும் பொருளொன்றைச் சேர்த்ததும் வாடை குன்றிவிட்டது. அப்படியானால் ரியோஹாவிலே தக்காளியும் வறுத்த சிவப்புக் குடமிளகாயும் சேர்த்துச் சமைக்கும் உப்பிட்ட காட் மீனை, அவ்வூரார் தயக்கமின்றிச் செந்நிற மதுவோடு உண்பது எப்படி? இதற்கு நான் கண்ட சமாதானம் இது. காட் மீன் தன் எண்ணெயையெல்லாம் ஈரலிலே சேமித்து வைக்கிறது. அதன் சதையில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்கும் தேறாது. இரும்பு வந்தாலும் பற்றிக்கொள்ள எண்ணெய் அங்கே மிகச் சொற்பம். உப்பு துவர்ப்பை மென்மையாக்க, தக்காளியின் புளிப்பு கிராசியானோவின் புளிப்போடு இணங்கிவிடுகிறது. கடலில்லாத உள்நாட்டுக்கு உப்பிட்டு உலர்த்திய மீன் ஒன்றே எளிதில் வந்து சேரும் என்ற நிர்ப்பந்தத்தினால் பிறந்த இந்தச் சமையல், மதுவுக்கு இசைந்ததாகவும் அமைந்துவிட்டது.

பொருந்தாதவையும் அங்கே உண்டு. கலாஓர்ரா ஊரின் புகழ்பெற்ற காய்கறிக் கதம்பத்தில் சேரும் ஆர்ட்டிச்சோக் மொட்டிலுள்ள சைனரின் என்னும் பொருள் நாவின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் மறைத்து, அது கழுவப்பட்டதும் தண்ணீரையும் இனிக்கச் செய்யும். அதன்பின் அருந்தும் மதுவின் சுவை திரிந்து தோன்றும். இனிப்புப் பலகாரமோ மதுவைப் புளிக்க வைத்துவிடும். மதுவின் நன்மை தீமை பற்றியும் ஒரு வார்த்தை கூறிவிடுகிறேன். சாராயச்சத்துள்ள பானங்கள் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களில் அடங்குமென்று 1988-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது. எவரையும் அருந்தத் தூண்டுவதற்காக நான் இதனை எழுதவில்லை. ஒரு பள்ளத்தாக்கின் மண்ணும் கொடியும் அடுப்பும் பல தலைமுறைகளாக ஒன்றையொன்று திருத்திக்கொண்டு வந்த வரலாறு அறிந்துகொள்ளத் தக்கது என்ற ஆசையினாலேயே எழுதுகிறேன்.

அந்த உறவு முழுமையாய்த் தோன்றும் உணவு இளம் ஆட்டுக்குட்டியின் விலாத்துண்டு. குளிர்காலத்தில் இலையுதிர்ந்த கொடிகளைக் கவாத்துச் செய்து, வெட்டிய தண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி உலர வைப்பார்கள். ‘சார்மியெந்தோ’ என்று அந்தத் தண்டுக்குப் பெயர். அந்தக் கட்டுகளைத் தோட்டத்து வெளியில் குவித்துக் கொளுத்தினால், குபீரென்று எரிந்து, சிறிது நேரத்தில் கனன்று நிற்கும் தணலாகும். அதன்மேல் இரும்புக் கம்பித் தட்டில் துண்டுகளைப் பரப்பி, கல்லுப்பைத் தூவி, இருபுறமும் திருப்பி எடுப்பார்கள். கடும் உஷ்ணத்தில் இறைச்சியின் மேற்புறத்துப் புரதமும் சர்க்கரையும் கூடிச் செம்பழுப்பாய் முறுக, வறுத்த மணம் எழுகிறது. உருகிய கொழுப்பு தணலில் சொட்டிப் புகையாய் மேலெழுந்து துண்டிலேயே மீண்டும் படிகிறது. தீயில் வாட்டிய ஓக் பலகையிலிருந்து மதுவுக்கு வந்த மணமும், தணலிலிருந்து இறைச்சிக்கு வந்த மணமும் ஒன்றுக்கொன்று உறவுடைய பொருள்களால் ஆனவை. எலும்பைக் கையால் பிடித்துக் கடித்துத் தின்று, விரலின் கொழுப்பைத் துடைத்துக்கொண்டு, ஒருவாய் ரெசெர்வாவை அருந்துகிறார்கள், நாக்கு உலர்கிறது, மறுபடி எலும்பை எடுக்கிறார்கள். தணல் தாழ்ந்ததும் ஒருவர் எழுந்துபோய்ச் சென்ற வருஷத்துக் கொடிக்கட்டு இன்னொன்றைத் தூக்கிவந்து நெருப்பில் இடுகிறார்.